கத்திரி வெயிலில் இலவச பஸ்: சேலத்தை வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

போன வருஷம் கத்திரி நடக்கும்போது என் வண்டி கிளட்ச் போய் ஐந்து நாள் ஷெட்டில் கிடந்தது. வீடு அம்மாப்பேட்டை, வேலை புது பஸ் ஸ்டாண்டு பக்கம் மெய்யனூரில். ஐந்து நாளும் டவுன் பஸ்தான். அம்மாப்பேட்டையிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டு, அங்கே இறங்கி இன்னொரு பஸ்.

மூன்றாவது நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு மதியம் ஒரு மணி சுமாருக்குத் திரும்பினேன். அம்மாப்பேட்டையில் இறங்கிய இடத்தில் டீக்கடைத் தார்ப்பாய் நிழலில் ஒரு பெரியவர் நூல் பையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். செவ்வாய்ப்பேட்டையிலிருந்தே நடந்து வருகிறாராம்.

"ஐயா, பஸ்ஸுல வரலாமுங்களே?"

"வரலாம் தம்பி. அது எப்ப வரும்னு நின்னுக்கிட்டு இருக்கறதுக்கு, நடந்தா போய்ச் சேந்துருவேன்."

"காசுக்காகவோன்னு நெனச்சேன்."

"காசு கெடக்குது போ."

அந்தச் சமயத்தில்தான் எங்கோ படித்தது நினைவில் ஓடிக்கொண்டிருந்தது. வெயில் ஏறி, காற்றும் கெட்டுப்போகிற நாட்களில் சில ஊர்களில் எல்லோருக்கும் பஸ்ஸை இலவசமாக விடுகிறார்கள் என்று. சேலத்துக்கு அது பொருந்துமா? அந்த ஐந்து நாளும் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து (பாதி நாள் படியோரம் நின்று) யோசித்ததும், அப்புறம் தேடிப் படித்ததும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

வெளியூர்க்காரர்கள் செய்து பார்த்தது

இந்த யோசனைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரம். அங்கே 1991 முதலே, காற்று கெடப்போகிறது என்று தெரிந்தால் முந்தின நாளே அறிவிப்பு விடுவார்கள். நாளைக்குக் காரை எடுக்காதீர்கள், புல்வெட்டும் எந்திரத்தை ஓட்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்வார்கள். 2006 கோடையில் ஒரு படி மேலே போய், அறிவிப்பு விட்ட ஆறு வேலை நாட்களில் பஸ், ரயில், படகு எல்லாவற்றையும் இலவசமாக்கினார்கள். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20 லட்சம் டாலர் செலவு. கூட்டம் ஏறியது உண்மை. ஆனால் காரை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்களோடு, லீவில் சும்மா சுற்றிப் பார்க்க ஏறிய பிள்ளைகளும் இருந்தார்கள். சில வருடங்களில் இலவசத்தை நிறுத்திவிட்டார்கள். அறிவிப்பு மட்டும் தொடர்கிறது.

அங்கே "வெயில் நாள்", "காற்று கெட்ட நாள்" இரண்டும் ஏன் ஒன்றாக வருகின்றன என்பதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். அவர்களுடைய கோடைக்கால எதிரி தரைமட்ட ஓசோன். ஓசோன் எந்த வண்டியின் சைலன்ஸரிலிருந்தும் நேராக வருவதில்லை. வண்டிப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும், பெட்ரோல், பெயிண்ட் போன்றவற்றிலிருந்து ஆவியாகும் பொருட்களும் வெயிலில் வெந்து ஓசோனாக மாறுகின்றன. காலையில் விட்ட புகைக்கு மதியம் மூன்று மணிக்குத் தண்டனை. அதனால் வெயில் கூடினால் ஓசோன் கூடும், காலையில் கார் குறைந்தால் மதியம் ஓசோன் குறையும் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

தென்கொரியாவின் சியோல் நகரம் 2018 ஜனவரியில் இதையே காற்றில் மிதக்கும் நுண்துகளுக்காகச் செய்தது. 15, 17, 18 ஆகிய மூன்று நாட்கள், காலையிலும் மாலையிலும் வேலைக்குப் போய்வரும் நேரத்தில் மட்டும் இலவசம். ஒரு நாளைக்கு சுமார் 500 கோடி வோன் (தென்கொரியப் பணம்) கரைந்தது. சாலையில் வண்டிகள் குறைந்ததோ ஏறத்தாழ இரண்டு சதவீதம்தான். இன்னொரு சிக்கலும் இருந்தது. பக்கத்து மாகாணத்து பஸ்கள் இதில் சேரவில்லை. தலைநகருக்கு வெளியிலிருந்து காரில் வருகிறவருக்கு, நகருக்குள் மட்டும் கிடைக்கும் இலவசத்தால் என்ன பயன்? அடுத்த மாதமே திட்டத்தைக் கைவிட்டார்கள்.

பாரிஸ் 2014 மார்ச்சில் சில நாட்கள் இலவசமாக விட்டுப் பார்த்தது. அங்கேயும் பிற்பாடு இலவசம் போய், அந்த நாட்களுக்கு மட்டுமான மலிவு டிக்கெட் வந்தது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துக்காரர்கள் 2022ல் வேறு மாதிரி யோசித்தார்கள். எந்த நாள் மோசமாகும் என்று பார்த்து அறிவிப்பதை விட்டுவிட்டு, ஓசோன் கூடும் ஆகஸ்டு மாதம் முழுவதையும் இலவசமாக்கினார்கள். அங்குள்ள டென்வர் வட்டாரத்தில் ஜூலையைவிட பஸ், ரயில் பயணங்கள் 22 சதவீதம் கூடின. எனக்கு இந்த முறைதான் கொஞ்சம் உருப்படியாகப் படுகிறது. இன்று ராத்திரி அறிவித்து நாளைக் காலை வண்டியை விட்டுவிட்டு வா என்றால் யார் வருவார்கள்? எந்த பஸ், எந்த ஸ்டாப், எத்தனை மணி என்பது பழகுவதற்கே ஒரு வாரம் பிடிக்கும். என் ஐந்து நாளில் முதல் இரண்டு நாள் நான் தப்பான பக்கம்தான் நின்றேன்.

கிண்ணத்துக்குள் ஓர் ஊர்

இப்போது நம்மூருக்கு வருவோம். சேலத்தைச் சுற்றி மலை. வடக்கே சேர்வராயன், நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. ஊர் கிடப்பது கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டரில். கிண்ணத்தின் அடியில் இருக்கிற நமக்குப் புகையும் தங்கும், சூடும் தங்கும். ஆனால் இரண்டும் ஒரே மாதத்தில் தங்குவதில்லை. இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான விஷயம் இதுதான்.

மார்கழி, தை மாதங்களில் விடிகாலைக் குளிரில் கனமான காற்று கீழே படுத்துக்கொள்ளும். மேலே கொஞ்சம் வெதுவெதுப்பான காற்று மூடிபோல உட்கார்ந்துவிடும். அடுப்புப் புகை, குப்பை எரித்த புகை, லாரிப் புகை, ரோட்டுப் புழுதி எல்லாம் அந்த மூடிக்குக் கீழேயே சுற்றும். போகியன்று டயர் கொளுத்தினால் கேட்கவே வேண்டாம். சித்திரை, வைகாசியில் நிலைமை தலைகீழ். தரை கொதிப்பதால் காற்று மேலே எழும்பி, துகள்களையும் தூக்கிக்கொண்டு போய்விடும். அப்போது ஓசோன் உண்டாவதற்கு வழி இருக்கிறது என்றாலும், மனுஷனைக் கீழே தள்ளுவது வெயில்தான். 2024 ஏப்ரல் கடைசியில் சேலத்தில் 40 டிகிரியைத் தாண்டிய நாட்கள் வரிசையாக வந்தன. அந்த வருஷம் அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றும் சொன்னது.

அப்படியானால் "வெயிலும் புகையும் சேர்ந்த நாளில் இலவசம்" என்று ஒரு விதி எழுதினால் சேலத்தில் அந்த நாள் வரவே வராமல் போகலாம்.

அளக்கிற விஷயத்திலும் சிக்கல் உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தானியங்கிக் கருவி சோனா கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. கொண்டலாம்பட்டி சௌடேஸ்வரி கல்லூரிக் கட்டடத்தில் பழைய முறையில், வாரத்துக்கு இரண்டு நாள் வடிதாளில் தூசியைப் பிடித்து, ஆய்வகத்தில் எடை போட்டுச் சொல்வார்கள். எடை போட்டு முடிப்பதற்குள் அந்த நாளே போய்விடும். தானியங்கிக் கருவியை நம்பினாலும், நாம் செல்போனில் பார்க்கும் காற்றுத் தரக் குறியீடு பெரும்பாலும் கடந்த 24 மணி நேரத்துச் சராசரி. 200ஐத் தாண்டினால் "மோசம்". அந்த எண் தெரியும்போது நாம் ஏற்கனவே சுவாசித்து முடித்திருப்போம். தவிர, சேலத்தில் அது பெரும்பாலான நாட்களில் "நன்று", "திருப்தி", மிஞ்சிப்போனால் "மிதம்" என்றுதான் காட்டும். 200ஐக் கோடாக வைத்தால் இலவச பஸ்ஸுக்கு வேலையே இருக்காது.

கருப்பூர், வெள்ளக்கல்பட்டி பக்கம் வெள்ளைக்கல் சுரங்கத்தை ஒட்டிக் குடியிருப்பவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். அவர்கள் வீட்டுத் திண்ணையில் படியும் வெள்ளைத் தூசி சோனா கல்லூரிக் கருவிக்குத் தெரியாது. அந்தத் தூசி பஸ் இலவசமானால் குறையவும் குறையாது. அது தனிக்கதை.

வெயிலுக்கு இந்தத் தொல்லை இல்லை. வானிலை ஆய்வு மையம் முன்கூட்டியே சொல்கிறது. சமவெளியில் 40 டிகிரியை எட்டி, வழக்கத்தைவிட நாலரை டிகிரி கூடினால் வெப்ப அலை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கையும் விடுகிறார்கள். எனவே சேலத்தில் ஏதாவது ஒன்றை வைத்து பஸ்ஸை இலவசமாக்குவதென்றால் அது தெர்மாமீட்டராகத்தான் இருக்கவேண்டும்.

பாதிப் பேருக்கு ஏற்கனவே இலவசம்

சான் பிரான்சிஸ்கோவுக்கும் சேலத்துக்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான். 2021 மே 8 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வருமானச் சான்று வேண்டாம், அட்டை வேண்டாம், கண்டக்டர் கொடுக்கும் கட்டணமில்லா சீட்டு போதும். மாற்றுத் திறனாளிகளுக்கும், அவர்களுக்குத் துணையாக வரும் ஒருவருக்கும், திருநங்கையருக்கும் இந்தச் சலுகை விரிந்தது. போக்குவரத்துக் கழகங்களுக்கு ஏற்படும் இழப்பை அரசு ஈடுகட்டுகிறது. முதல் வருஷத்துக்கு 1,200 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். மாநிலத் திட்டக் குழு ஆய்வு செய்து, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று கணக்குச் சொன்னது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச பஸ் பாஸ் அதற்கு முன்பே உண்டு.

ஆக, ஒரு மதிய நேர டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு கொடுப்பவர் யார்? நான் பார்த்தவரை, வயதான ஆண்கள், மூட்டைக்காரர்கள், கட்டட வேலை முடிந்து வருபவர்கள், வெளியூரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், என்னைப்போல் வண்டி இல்லாமல் மாட்டிக்கொண்டவர்கள். சென்னையில் 60 வயதைக் கடந்தவர்களுக்கு மாதம் பத்து இலவச டோக்கன் உண்டு. அம்மாப்பேட்டைப் பெரியவருக்கு அது கிடையாது. வெயில் நாளில் எல்லோருக்கும் இலவசம் என்றால் புதிதாகச் சேரப்போவது இந்தக் கூட்டம்தான். அதனால் செலவு பயமுறுத்தும் அளவுக்கு இருக்காது. சியோல் மாதிரி மொத்த நகரத்தின் வசூலையும் இழக்கவேண்டியதில்லை.

வண்டிக்காரர்கள் பஸ்ஸுக்கு வருவார்களா? என் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். போக ஆறு, வர ஆறு, ஊர் சுற்றியது உட்பட 12 கிலோமீட்டர். என் வண்டி லிட்டருக்கு 45 கொடுக்கும், பெட்ரோல் நூறு ரூபாய்க்கு மேல். அன்றாடச் செலவு 27 ரூபாய் பக்கம். இரண்டு பஸ் மாறிப் போய்வந்தாலும் கிட்டத்தட்ட அதே அளவுதான் ஆனது. இலவசமாக்கினால் எனக்கு ஒரு டீயும் வடையும் மிச்சம். ஆனால் வண்டியில் 20 நிமிஷம், பஸ்ஸில் 50 நிமிஷம். அந்த 50இல் பாதி வெயிலில் நின்றது. ஒரு டீக்கும் வடைக்கும் ஆசைப்பட்டு எவன் 40 டிகிரியில் நிற்பான்?

காற்றுக் கணக்கும் வெயில் கணக்கும்

மற்ற ஊர்களின் அனுபவத்தைப் படித்தால் ஒரு புகார் திரும்பத் திரும்ப வரும். இலவசமாக்கினால் கார்க்காரன் வருவதில்லை, இதுவரை நடந்து போனவன்தான் ஏறிக்கொள்கிறான் என்பார்கள். காற்றை மட்டும் பார்த்தால் இது தோல்வியே. நடப்பவர் எந்தப் புகையும் விடவில்லை, அவரை ஏற்றிக்கொண்டதால் காற்றுக்கு லாபமில்லை.

சேலத்து மே மாத மதியத்தில் அதையே வைத்துப் பாருங்கள். நூல் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் எழுபது வயதுக்காரர் பஸ்ஸில் ஏறிவிட்டால் அது தோல்வியா? பிற ஊரில் நஷ்டக் கணக்கில் எழுதியதை இங்கே லாபக் கணக்கில் எழுதவேண்டும். வெயில் நாளில் இலவச பஸ்ஸின் வேலை வண்டிகளைக் குறைப்பது என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். தார் ரோட்டில் நடப்பவர்களைக் குறைப்பது என்று வைத்துக்கொண்டால் திட்டத்துக்கு ஓர் அர்த்தம் வருகிறது.

ஆனால் அந்தப் பெரியவர் "காசு கெடக்குது" என்றாரே. அவர் பஸ்ஸை விட்டதற்குக் காரணம் டிக்கெட் இல்லை, காத்திருப்பு. காலை எட்டரையிலும் மாலை ஆறிலும் பழைய பஸ் ஸ்டாண்டில் பஸ் மேல் பஸ்ஸாக வரும். மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்றரை வரை இடைவெளி நீளும். கூட்டம் குறைவாக இருக்கும் நேரத்தில் பஸ் நடையை (டிரிப்பை) குறைப்பது எந்த டெப்போவுக்கும் இயல்புதான், டீசல் கணக்கு அவர்களுக்கும் உண்டு. வெயில் உச்சத்தில் நிற்கிற நேரமும், பஸ் அரிதாகிற நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன.

நிற்கிற இடத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பல ஸ்டாப்களில் நிழற்குடை இருக்கிறது, ஆனால் பஸ் அதற்கு இருபது அடி தள்ளித்தான் நிற்கும். அதனால் யாரும் உள்ளே உட்காருவதில்லை. சில நிழற்குடைகள் தகரக் கூரை, எவர்சில்வர் இருக்கை. மதியம் அதில் உட்கார்ந்து பார்த்தேன், தோசைக்கல்லில் உட்கார்ந்த மாதிரி. இந்த ஊரிலேயே நல்ல நிழற்குடை எது என்று கேட்டால் 2020ல் திறந்த ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலம் என்பேன். அதன் அடியில் நின்றால் வெயில் எட்டாது. கட்டியவர்கள் அதை நினைத்துக் கட்டவில்லை என்பது வேறு விஷயம்.

பஸ்ஸுக்குள்ளும் சொர்க்கம் இல்லை. தகர உடம்பு, முன்பக்கம் இன்ஜின் சூடு, ஜன்னலில் அனல். டிரைவர் கழுத்தில் ஈரத் துண்டோடு ஓட்டுகிறார். நடையைக் கூட்டாமல் இலவசத்தை மட்டும் அறிவித்தால் ஐம்பது பேர் பஸ்ஸில் தொண்ணூறு பேர் ஏறி, உள்ளே மயங்கி விழுவார்கள். கைக்குழந்தையோடு அன்றாடம் போய்வரும் பெண்களுக்கு இருக்கிற இடமும் போய்விடும். இலவசம் வந்த பிறகு பெண்கள் கூட்டமாக நிற்கும் ஸ்டாப்பில் பஸ் நிற்காமல் போகிறது என்ற மனத்தாங்கல் பல ஊர்களில் உண்டு. அதில் இன்னொரு சுமையை ஏற்றக்கூடாது.

ஏற்காட்டு விவகாரம்

இலவசம் மலைக்கும் உண்டா என்று கேள்வி வரும். நிச்சயம் வரும், ஏனென்றால் சேலத்துக்காரனுக்கு வெயில் என்றால் ஏற்காடுதான் ஞாபகம். மே மாதத்துச் சனி, ஞாயிறில் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டிகள் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும். கோடை விழாச் சமயத்தில் ஏறுவதற்கு ஒரு வழி, குப்பனூர் வழியாக இறங்குவதற்கு ஒரு வழி என்று போலீஸ் பிரித்துவிடுவதும் உண்டு. மலைப் பாதையில் மெதுவாக ஏறும் கார் விடும் புகை சமவெளியில் விடுவதைவிட அதிகம். ஆகவே கார்களுக்குப் பதில் பஸ் என்றால் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் மலை பஸ்ஸை இலவசமாக்க நான் சம்மதிக்கமாட்டேன். சான் பிரான்சிஸ்கோவில் சும்மா சுற்ற ஏறிய பிள்ளைகள் கதைதான் இங்கே ஆகும். மலைக் கிராமத்திலிருந்து சேலம் ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்பும் அம்மாவுக்கு ஏற்காடு பஸ்ஸில் நிற்க இடம் கிடைக்காது. மலைக்கு வேண்டியது கூடுதல் பஸ், அடிவாரத்தில் கார்களை நிறுத்த இடம், அப்புறம் கோடை விழா வாரத்தில் மேலே போகும் கார்களுக்கு ஒரு வரம்பு. காசு வாங்கிக்கொண்டே செய்யலாம்.

சேலத்துக்கு என்று எழுதினால்

வானிலை மையம் சேலம் மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை விட்டால், மறுநாள் காலை பதினொன்றிலிருந்து மாலை நான்கு வரை, சாதாரண டவுன் பஸ்ஸில் எல்லோருக்கும் கட்டணமில்லை. இவ்வளவுதான் நான் எழுதும் விதி. இன்னும் எளிதாக வேண்டுமானால் கொலராடோ மாதிரி, கத்திரி தொடங்கி முடியும் வரை, அந்த ஐந்து மணி நேரம். எந்த நாள் என்று யாரும் செய்தி பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், கண்டக்டருக்கும் குழப்பமில்லை. கத்திரி எப்போது என்று தினசரி நாட்காட்டியே சொல்லிவிடும்.

ஆனால் அந்த நேரத்தில் ஒரு நடையைக்கூடக் குறைக்கக்கூடாது, முடிந்தால் கூட்டவேண்டும். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி, கன்னங்குறிச்சி, ஜங்ஷன் பக்கம் பத்து நிமிஷத்துக்கு ஒன்று ஓடினால் போதும், மற்றதைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் நடையைக் கூட்டுங்கள், டிக்கெட் காசை வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். ஸ்டாப்பில் ஒரு பச்சை வலைத் துணியும் மண்பானையும் வைப்பதற்குத் திட்ட அறிக்கை தேவையில்லை, தண்ணீர்ப் பந்தல் போடும் கட்சிக்காரர்களைக் கேட்டாலே போட்டோவோடு செய்து தருவார்கள்.

காற்றுக்கான நாளைத் தனியாக, தை மாதத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே பஸ்ஸைவிட முதலில் நிறுத்தவேண்டியது போகி டயரையும், தெருமுனைக் குப்பைத் தீயையும்.

ஐந்தாம் நாள் மதியம் ஷெட்காரர் போன் போட்டார். "அண்ணா, வண்டி ரெடி, வந்து எடுத்துக்குங்க." ஷெட் நாலு ரோடு பக்கம். வெயிலில் பஸ்ஸுக்கு நின்று பார்த்தேன், கால் மணி நேரம் ஆகியும் வரவில்லை. ஆட்டோ பிடித்துப் போய் வண்டியை எடுத்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து வண்டிதான்.